தையல்காரம்மா மார்கெரித் ஓதூ: யாரு, என்ன எழுதினாங்க, பேரு ஏன் காணாம போச்சு?

கேள்வி இதுதான்: "நூறு வருஷத்துக்கு முன்னாடி பாரிஸ்ல படிப்பறிவே இல்லாத ஒரு தையல்காரப் பொம்பள நாவல் எழுதி பெரிய பரிசு வாங்கினாங்களாமே, அது யாரு, நெஜமா, அதுக்கப்புறம் என்ன ஆனாங்க?"

நெஜம்தான். பேரு மார்கெரித் ஓதூ. நாவல் பேரு மரி-கிளேர், வருஷம் 1910. ஆனா கேள்வியில "படிப்பறிவே இல்லாத"ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அத மட்டும் எடுத்துடுங்க. அந்தம்மாவப் பத்தி யாரு பேசினாலும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க, ஏதோ கண்ணு தெரியாம போச்சு, ஊசி கோக்க முடியல, சும்மா உக்காந்து எழுதினா நாவல் வந்துருச்சுங்கற மாதிரி. எனக்கு இந்தக் கதை மேல ரொம்ப நாளா ஒரு எரிச்சல் உண்டு, அதனால பதில் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல பொறப்புல இருந்து வரேன். 1863 ஜூலை 7, பிரான்ஸோட நடுப்பகுதியில ஷேர்ங்கற மாவட்டத்துல சான்குவான்னு ஒரு சின்ன ஊரு. அப்பா தச்சு வேலை. பொறந்தப்ப அவங்க பேரு மார்கெரித் தோன்கிஷோத், ஆமா, காத்தாலையோட சண்டை போட்ட அந்த ஸ்பானிஷ் நாவல் நாயகன் டான் குவிக்சாட்டே தான், பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல. மூணு வயசுல அம்மா காசநோயில போயிட்டாங்க, அப்பா ரெண்டு பொண்ணுங்களையும் விட்டுட்டு எங்கயோ கெளம்பிப் போயிட்டாரு. அக்கா பேரு மதலேன். கொஞ்ச நாள் சொந்தக்காரங்க வீடு, அப்புறம் பூர்ஜ் ஊர்ல கன்னியாஸ்திரீங்க நடத்தின அநாதை இல்லம், அங்க ஒம்போது வருஷம். எழுதப் படிக்க, துணி தைக்க, ஜெபம் சொல்ல கத்துக்கிட்டது எல்லாம் அங்கதான். அதனாலதான் படிப்பறிவு இல்லன்னு சொல்லாதீங்கன்னேன், பள்ளிக்கூடம்னு தனியா போகல அவ்வளவுதான்.

1877ல, பதினாலு வயசு, சொலோஞ் பக்கம் சேந்த்-மோந்தேன் கிராமத்துல பெர்ருயேன்னு ஒரு பண்ணைக்கு ஆடு மேய்க்கவும் வீட்டு வேலை செய்யவும் அனுப்பிட்டாங்க. சொலோஞ்னா என்ன மாதிரி எடம்னு தெரிஞ்சாத்தான் நாவல் புரியும்: குட்டை, சதுப்பு, காடு, மணல் மண்ணு, வெளைச்சல் கம்மி, பனி எறங்கினா பத்தடி தள்ளி நிக்கற ஆடு தெரியாது. அங்க ஆன்ரின்னு ஒரு பையன் மேல பிரியம் வந்துச்சு, அவங்க வீட்ல அநாதை இல்லத்துல வளந்த வேலக்காரப் பொண்ண ஏத்துக்கல, அதோட முடிஞ்சுது. 1881ல பாரிஸுக்கு ரயில் ஏறினாங்க, பதினெட்டு வயசு, கையில தையல் வேலை மட்டும்தான்.

பாரிஸ்ல முதல் இருபது வருஷத்த பெரும்பாலான கட்டுரைங்க ரெண்டு வரியில தாண்டிடும். ஆனா அந்தம்மா எழுத்தாளர் ஆனது அங்கதான்னு நான் நெனைக்கறேன். தையல் பட்டறைங்கள்ல வேலை, சீசன் இல்லாதப்ப என்ன கெடச்சுதோ அது, வேன்சேன்ல ராணுவத்துக்குத் தோட்டா செய்யற ஃபேக்டரியில கூட கொஞ்ச நாள். 1883ல ஒரு கொழந்தை, செத்தே பொறந்துச்சு, அந்தப் பிரசவத்துக்கப்புறம் இனிமே கொழந்தையே இல்லன்னு ஆயிடுச்சு. அக்கா மதலேனோட பொண்ணு இவோன், அவள இவங்கதான் எடுத்து வளத்தாங்க. 1895ல தோன்கிஷோத்ங்கற அப்பா பேர விட்டுட்டு அம்மா பேரு ஓதூவ எடுத்துக்கிட்டாங்க. விட்டுட்டுப் போன ஆளோட பேர நான் ஏன் சுமக்கணும்னு நெனச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணும், இது என் யூகம்தான்.

இப்ப இலக்கியம் எப்படி உள்ள வந்துச்சுன்னா, அந்த இவோன் மூலமா. பதினாறு வயசுல அந்தப் பொண்ணுக்கு ஒரு ஆளு பழக்கமானாரு, ஜூல் இயெல், மிஷெல் யெல்ங்கற புனைபேர்ல எழுதறவரு, நாவலாசிரியர் ஆந்த்ரே ழீதோட சிநேகிதர். பொண்ணு வழியா பழக்கமானவர் கடைசியில சித்தியோட துணையா கொஞ்ச வருஷம் இருந்தாரு, அது வேற கதை. அவரு கூட்டிட்டு வந்த நண்பர் கூட்டம்தான் முக்கியம். எழுத்தாளருங்க ஷார்ல்-லூயி ஃபிலிப், லெயோன்-போல் ஃபார்க், லெயோன் வெர்த், அப்புறம் ஓவியர் ஃபிரான்சிஸ் ஜூர்தேன். இவங்க எல்லாம் சேந்து பாரிஸுக்குக் கெழக்க மார்ன் ஆத்துப் பக்கம் கார்னெத்தேன் கிராமத்துல ஒரு வீட்ட வாடகைக்குப் பிடிச்சு, ஞாயித்துக்கெழம ஆனா அங்க போயி சமைச்சு சாப்ட்டு, நடந்து, பேசிட்டு வருவாங்க. ஓதூவும் போவாங்க. யாரும் அவங்கள "பாவம் ஏழைத் தையல்காரி"ன்னு கூட்டிட்டுப் போகல, அங்க இருந்ததுல பாதிப் பேரு அவங்களும் கைக்கும் வாய்க்கும்தான்.

ஃபிலிப்ப பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். அவரும் உழைக்கற குடும்பம்தான், அப்பா மரச்செருப்பு செய்யறவரு, ஊரு அல்லியே மாவட்டத்துல செரிய்யீ. பாரிஸ் நகராட்சியில ஒரு சின்ன வேலை, ராத்திரியில நாவல். 1901ல வந்த புபு த மோம்பர்னாஸ்தான் அவரோட பேரு சொல்ற புக்கு. ஏழைங்களப் பத்தி ஏழையே எழுதணும், பரிதாபப்பட்டு மேல இருந்து பாக்கற எழுத்து வேணாம்னு நெனச்ச ஆளு. 1909 டிசம்பர்ல டைஃபாய்டு வந்து 35 வயசுல போயிட்டாரு. ஓதூவோட புக்கு அச்சுல வர்றதப் பாக்கவே இல்ல.

கண்ணு விஷயத்துக்கு வரேன். வருஷக்கணக்கா விளக்கு வெளிச்சத்துல கறுப்புத் துணியில கறுப்பு நூல் தையல் போட்டா கண்ணு என்ன ஆகும். டாக்டர் தையல விடுங்கன்னுட்டாரு. வருமானம் போச்சு. மோம்பர்னாஸ்ல ரூ லெயோபோல்-ரொபேர் தெருவுல மேல் மாடியில ஒரு சின்ன எடம், அங்க உக்காந்து எழுதினாங்க, இது வரைக்கும் எல்லாரும் சொல்றது சரி. ஆனா கண்ணு போனதாலதான் எழுத ஆரம்பிச்சாங்கன்னு மாத்திச் சொல்லிடறாங்க. எழுதறது அதுக்கு முன்னாடியே நடந்துட்டு இருந்துச்சு, வருஷக்கணக்கா, துண்டு துண்டா. எழுதினத திருப்பி எழுதி, அடிச்சு, சுருக்கி, அப்படி வந்த புக்கு அது.

ஜூர்தேன் அந்தக் கையெழுத்துப் பிரதிய எடுத்துட்டுப் போயி ஒக்தாவ் மிர்போகிட்ட குடுத்தாரு. மிர்போ அப்ப பெரிய ஆளு, வேலைக்காரியோட டைரின்னு ஒரு நாவல் எழுதி ஊரையே கலக்கினவரு, பிரான்ஸோட பெரிய இலக்கியப் பரிசு குடுக்கற கோன்கூர் அகாடமியில மெம்பர், கோவக்காரரு, பிடிச்சா தலையில தூக்கி வெச்சு ஆடுவாரு பிடிக்கலேன்னா கிழிச்சுடுவாரு. உடம்பு முடியாம கெடந்தவரு இதப் படிச்சுட்டு எழுந்து உக்காந்துட்டாரு. லா கிரான்ட் ரெவ்யூ பத்திரிகையில தொடரா வந்துச்சு, ஃபாஸ்கெல் பதிப்பகம் புக்கா போட்டுச்சு, முன்னுரை மிர்போ. 1910 டிசம்பர் 2ல பரிசு, இப்ப ப்ரீ ஃபெமினான்னு சொல்றது, அப்ப லா வீ எரஸ் பத்திரிகை பேர்ல இருந்துச்சு. ஆம்பளைங்களா உக்காந்து ஆம்பளைங்களுக்கே குடுத்துட்டு இருந்த கோன்கூருக்குப் பதிலா 1904ல பெண் எழுத்தாளர்கள் ஆரம்பிச்ச பரிசு அது, நடுவர்கள் எல்லாமே பெண்கள். அதுக்கு ஒரு வாரத்துக்குள்ள அந்த வருஷ கோன்கூர் லூயி பெர்கோவுக்குப் போச்சு, அவரும் ஒரு கிராமத்து வாத்தியார்தான், அதே வருஷம் போட்டியில எழுத்தாளர் கொலெத்தும் கவிஞர் அப்போலினேரும் இருந்தாங்க. அப்படிப்பட்ட ஒரு வருஷத்துல 47 வயசுல முதல் புக்கு போட்ட ஒரு தையல்காரம்மாதான் பாரிஸ் முழுக்கப் பேச்சு. புக்கு ஒரு லட்சம் காப்பி தாண்டி வித்துச்சு.

உடனே கெளம்பினாங்க பாருங்க, "இத அவ எழுதியிருக்க மாட்டா"ன்னு. ஃபிலிப் எழுதிக் குடுத்திருப்பாரு, இல்ல மிர்போ திருத்தியிருப்பாரு, கூட இருக்கற யாரோ ஒரு ஆம்பள. ஃபிலிப் எழுத்து ஈரமா, நெஞ்சு கரையற மாதிரி இருக்கும், மிர்போ எழுத்து கத்தும். மரி-கிளேர்ல கத்தலும் இல்ல, கண்ணீரும் இல்ல. ரெண்டு பேரையும் பத்துப் பக்கம் படிச்சவனுக்கு இந்த சந்தேகமே வராது.

முதல் பக்கத்த மட்டும் பாருங்க. ஒரு நாள் வீட்டுக்கு நெறைய பேரு வந்தாங்க, ஆம்பளைங்க கோயிலுக்குள்ள வர்ற மாதிரி உள்ள வந்தாங்க, பொம்பளைங்க வெளிய போகும்போது சிலுவை போட்டுக்கிட்டாங்க. இப்படித்தான் ஆரம்பிக்குது. அம்மா செத்துட்டான்னு அந்த வரியில இல்ல. சாவுங்கற வார்த்தையே இல்ல. சின்னக் கொழந்தைக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான், வந்தவங்க நடையும் கையும். மீதிய நீங்க போட்டுக்கணும். இது எதேச்சையா வராதுங்க. தெரிஞ்சத சொல்லாம விடறதுதான் எழுத்துல ரொம்ப கஷ்டம், அதுக்கு கத்திரி எங்க வெக்கணும்னு தெரியணும், அது தெரிஞ்ச பொம்பள அவங்க.

புக்கு மூணு பாகம். முதல் பாகம் அநாதை இல்லம், மரி-எமேன்னு ஒரு சிஸ்டர் இந்தக் கொழந்தை மேல உசிரா இருக்காங்க. அந்த சிஸ்டருக்கும் பாதிரியாருக்கும் நடுவுல ஏதோ இருக்குன்னு படிக்கறவங்களுக்குப் புரியும், கொழந்தைக்குப் புரியாது, அவ அழுத கண்ணத்தான் பாக்கறா. மதர் சுப்பீரியருக்கு அந்த சிஸ்டர் மேல இருக்கற கோவத்துக்கு இந்தப் பொண்ணு பலியாகி ஆடு மேய்க்கப் போறா. ரெண்டாம் பாகம் பண்ணை, சில்வேன், அவரு பொண்டாட்டி போலின், நல்ல மனுஷங்க. பனியில ஓநாய் வந்து ஆட்ட இழுத்துட்டுப் போற எடம் ஒண்ணு வரும், அத வாசிச்சா இன்னும் எனக்குக் கை சில்லுனு ஆகும். எல்லாரும் அந்த ஓநாயத்தான் சொல்லுவாங்க, நான் அதவிட முக்கியமா சொல்றது சில்வேன் செத்ததுக்கப்புறம் வர்ற பக்கங்கள். அவங்க குத்தகைக்காரங்க, நெலம் மொதலாளியோடது. புருஷன் போனதும் போலின் அந்தப் பண்ணைய விட்டு வெளிய போக வேண்டியதுதான். எந்தப் பிரசங்கமும் இல்ல, மொதலாளி கெட்டவன்னு ஒரு வரி கெடையாது. அவரு வராரு, கணக்குப் பாக்கறாரு, அவரு மகனும் மருமகளும் குடி வராங்க, அவ்வளவுதான். மூணாம் பாகத்துல அந்த மருமகளோட கூடப் பொறந்தவன் ஆன்ரி, காதல், அவன் அம்மாவோட மறுப்பு, திரும்ப அதே கன்னியர் மடம், இந்த தடவ சமையக்கட்டுல வேலை, கடைசியில பாரிஸ் ரயில்.

அதே ஷேர் மாவட்டத்துக்காரர் அலேன்-ஃபூர்னியே, வாத்தியார் வீட்டுப் புள்ள, நுவெல் ரெவ்யூ ஃபிரான்சேஸ்ங்கற இலக்கியப் பத்திரிகையில 1910லயே இந்த நாவலப் பாராட்டி எழுதினாரு, ஓதூவோட நல்ல பழக்கமும் இருந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு அவரோட ல கிரான் மோன் நாவல் வந்துச்சு, அதே மண்ணு, அதே பனி. இன்னிக்கு அது பிரான்ஸ்ல பள்ளிக்கூடப் பசங்க வரைக்கும் படிக்கற கிளாசிக். மரி-கிளேர் தேடித்தான் படிக்கணும். ரெண்டும் நல்ல புக்குதான், ஆனா இந்த வித்தியாசம் எனக்கு உறுத்தும்.

பேரு ஏன் காணாம போச்சுன்னு கேட்டீங்கல்ல. என் கருத்து என்னன்னா, எந்தக் கதை அவங்கள தூக்கி விட்டுச்சோ அதே கதைதான் அமுக்குச்சு. "ஏழைத் தையல்காரி எழுதிய அதிசயம்"னு வித்தாங்க, அதிசயம்னா ஒரு தடவதான நடக்கணும். ரெண்டாவது புக்கு வர்றதுக்கு பத்து வருஷம் ஆச்சு. நடுவுல யெல்லோட பிரிவு, முதல் உலகப் போர், மெதுவா எழுதற பழக்கம், கண்ணு. இவோனோட பசங்களையும் இவங்களே வளக்க வேண்டியதாச்சு, அநாதையா வளந்தவங்க வாழ்நாள் பூரா அடுத்தவங்க புள்ளைங்களத்தான் வளத்திருக்காங்க. 1920ல லத்தெலியே த மரி-கிளேர் வந்தப்ப, அதாவது மரி-கிளேரோட தையல் பட்டறை, பத்திரிகைங்களுக்குப் பழைய ஆர்வம் இல்ல.

இதுல கொடுமை என்னன்னா ரெண்டாவதுதான் என்னப் பொறுத்தவரைக்கும் முழுக்க முழுக்க தொழிலாளி நாவல். முதல்ல ஆடு, பனி, கன்னியாஸ்திரீ எல்லாம் இருக்கறதால நகரத்து வாசகருக்கு ஒரு அழகு கெடச்சுது. இதுல அப்படி எதுவும் இல்ல. தலிஞாக்னு ஒரு அம்மா நடத்தற சின்னப் பட்டறை, புருஷன் மெஷின்ல எம்பிராய்டரி போடறவரு, உடம்பு சரியில்லாதவரு, சுத்தி பத்துப் பொண்ணுங்க. பாரிஸ் தையல் தொழிலோட கணக்கு முழுசா இதுல இருக்கு. வருஷத்துல சில மாசம் வேலையே இருக்காது, செத்த சீசன்னு அவங்க பாஷையில சொல்லுவாங்க, அப்ப பொண்ணுங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, சம்பளம் கெடையாது. சீசன் வந்தா ஒரே நேரத்துல எல்லா மேடமும் வருவாங்க, எல்லாருக்கும் நாளைக்கே வேணும், அப்ப ராத்திரி முழுக்கத் தையல், தூங்கி விழாம இருக்க ஒருத்தி பாட்டுப் பாடுவா. 1892லயே பொம்பளைங்க வேலை நேரத்துக்கு சட்டம் வந்துச்சு, ஆனா தையல் தொழிலுக்கு மட்டும் ராத்திரி வேலைக்கு விதிவிலக்கு ஓட்டை வெச்சிருந்தாங்க, அந்த ஓட்டைக்குள்ளதான் இந்த நாவலே நடக்குது. தெச்சு வாங்கிட்டுப் போன மேடம் காசு குடுக்க மாட்டா, தலிஞாக் அம்மாவுக்குக் கேக்க வாய் வராது. சாந்த்ரீன்னு ஒரு பொண்ணு காசநோயில போயிடறா, அவ எடத்துல வேற ஒருத்தி உக்காரறா, ஊசி நிக்காது.

கேரக்டருங்க சில பேரு பட்டப்பேர்லதான் வருவாங்க, ஒருத்தி பேரு புல்டாக். எப்பவும் உறுமிக்கிட்டே இருப்பா, ஆனா அவ வீட்ல சாப்பாடு எப்படின்னு தெரிஞ்சா அந்த உறுமல் வேற மாதிரி கேக்கும். வேலை செய்யற எடத்துல இருந்தவங்களுக்குத்தான் இது எழுத வரும், வெளிய இருந்து ஆராய்ச்சி பண்ணி எழுதினா ஒண்ணு எல்லாரையும் தியாகி ஆக்கிடுவாங்க இல்ல எல்லாரையும் குடிகாரங்க ஆக்கிடுவாங்க. ஓதூகிட்ட பொறாமையும் இருக்கும், கேலியும் இருக்கும், நடுராத்திரி சிரிப்பும் இருக்கும்.

மீதி வேகமா சொல்லிடறேன். 1926ல டவுன்ல இருந்து மில்லுக்குங்கற அர்த்தம் வர்ற தலைப்புல ஒரு நாவல், 1932ல சிறுகதைத் தொகுப்பு, கடைசி நாவல் தூஸ் லூமியேர், இதமான வெளிச்சம்னு சொல்லலாம், அது அவங்க போனதுக்கப்புறம் 1937ல வந்துச்சு. முதல் ரெண்டு அளவுக்கு இதெல்லாம் இல்லங்கறதுதான் என் அபிப்பிராயம், ஓதூ வாசகர்கள் சில பேரு என்னோட சண்டைக்கு வருவாங்க, பரவால்ல. 1930கள்ல ஆன்ரி பூலாய்ங்கற எழுத்தாளரு தொழிலாளி இலக்கியம்னு ஒரு இயக்கமா ஆரம்பிச்சப்ப முன்னோடிங்க வரிசையில ஃபிலிப்பையும் ஓதூவையும்தான் வெச்சாரு, அவரும் சின்ன வயசுல அப்பா அம்மாவ இழந்த ஒரு தச்சரோட புள்ள. ஆனா ஓதூ எந்த கட்சிக்கும் கொடி புடிக்கல, அதனால கொண்டாட ஒரு கட்சியும் இல்லாம போச்சு.

1937 ஜனவரி 31, தெக்கு கடலோரம் சேன்-ரஃபாயெல்ல இறந்துட்டாங்க, 73 வயசு. அதே வருஷம் மார்ச்ல மரி கிளேர்ங்கற பெண்கள் பத்திரிகை வெளிய வந்துச்சு, இன்னிக்கும் ஏர்போர்ட் கடையில தொங்கற அதே பத்திரிகைதான், பேரு இந்த நாவல்ல இருந்து வந்ததுன்னுதான் சொல்லுவாங்க. ஆரம்பிச்சவரு ஜான் ப்ரூவோ, ரூபே ஊர்ல கம்பளித் துணி மில்லு வெச்சிருந்த குடும்பம். இத நான் பாரிஸ்ல துணிக்கடையில வேலை பாக்கற ஒரு பொண்ணுகிட்ட சொன்னப்ப, அப்படி ஒரு நாவல் இருக்கான்னு கேட்டா, பத்திரிகை மட்டும் அவளுக்குத் தெரியும்.

படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கறதுன்னு அடுத்து கேப்பீங்க. பிரெஞ்சு ரெண்டு வருஷம் படிச்சிருந்தா மரி-கிளேர் நேரா படிக்கலாம், வாக்கியம் எல்லாம் சின்னது, டிக்ஷனரி அடிக்கடி எடுக்க வேண்டியது ஆடு, பண்ணை சாமான் வார்த்தைங்களுக்குத்தான். காப்பிரைட் முடிஞ்சுது, நெட்லயே கெடைக்கும். ஆங்கிலத்துல 1911லயே இங்கிலீஷ் நாவலாசிரியர் ஆர்னால்ட் பென்னெட் முன்னுரையோட வந்துச்சு, பட்டறை நாவலும் ஆங்கிலத்துல இருக்கு. மிர்போ முன்னுரைய மட்டும் முதல்ல படிக்காதீங்க, நாவல முடிச்சுட்டுப் படிங்க, இல்லேன்னா கண்ணு தெரியாத தையல்காரிதான் பக்கத்துக்குப் பக்கம் நின்னுட்டு இருப்பாங்க. ஊருப் பக்கம் போறவங்களுக்கு, சேந்த்-மோந்தேன்ல இருந்து கிட்டத்துல ஓபிஞ்ஞி-சுர்-நேர்ங்கற டவுன்ல அவங்க பேர்ல ஒரு சின்ன மியூசியம் இருக்கு, போறதுக்கு முன்னாடி தெறந்திருக்கற நேரம் விசாரிச்சுட்டுப் போங்க.